சிவப்பணுவைத் தாங்கும் வலை

“காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்” என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. அது நோயாளியின் கண்ணைப் பற்றிச் சொல்லப்பட்டது. நோயாளியைப் பார்க்கின்ற மற்றவர்களின் கண்ணைப் பற்றியும் ஒரு பழமொழி இருந்திருக்கலாம். ஒரு பிள்ளையின் கண் வெண்மையில் சிறிது மஞ்சள் தென்பட்டால் போதும். ‘இது ஒட்டிக்கொள்ளும் காமாலை, பக்கத்தில் போகாதே’ என்று முடிவு கட்டிவிடுகின்றோம். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. ஆசிரியப் பயிற்சி பெற்று, உடல்நலப் பாடத்தை மாணவர்களுக்குக் கற்பித்துக் கொண்டிருந்த நானும் ஒருமுறை அவ்வாறு முடிவு கட்டியவன்தான்.

2004ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு வகுப்பிற்கு ஆசிரியராக இருந்தேன். அவ்வகுப்பில் ஒரு சிறுவன். படிப்பில் கெட்டிக்காரன், ஓட்டப்பந்தயத்தில் மட்டும் பாதி வழியில் நின்றுவிடுவான். அவனுடைய கண்கள் எப்பொழுதும் இலேசான மஞ்சள் நிறத்தில் இருக்கும். காய்ச்சல் வந்து போனால் அம்மஞ்சள் கூடும். பிற பிள்ளைகளின் பெற்றோர் இருவர் என்னிடம் வந்து முறையிட்டனர். நான் அவனைச் சன்னலோரத்தில் தனி மேசையில் உட்கார வைத்தேன். அவனுடைய தண்ணீர்ப் போத்தலை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லி வைத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

வீட்டில் பாட்டி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். உப்பில்லாப் பத்தியமும் வைத்தார். வெளுத்துப் போயிருக்கிறான் என்று இரும்புச் சத்து மருந்தும் வாங்கிக் கொடுத்தனர். பேரனுக்காக அவர்கள் செய்யாதது இல்லை. எதற்கும் அம்மஞ்சள் அசையவில்லை. காரணம், அச்சிறுவனின் கல்லீரலில் நோய் இல்லை. உணவில் இரும்புக் குறைவும் இல்லை. குறை இருந்த இடம் வேறு. அவன் இரத்தத்தில் ஓடிய சிவப்பணு ஒவ்வொன்றின் உட்புறத்திலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை தளர்ந்து போயிருந்தது.

அந்த வலையைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒன்றே முக்கால் இலட்சம் சுற்று

நம் இரத்தத்தின் ஒரு கன மில்லிமீட்டரில், அதாவது ஒரு சிறு கடுகளவுத் துளியில், ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. நுரையீரலிலிருந்து உயிர்வளியை ஏற்றிக்கொண்டு உடலின் எல்லா மூலைகளுக்கும் கொண்டு சேர்ப்பதே அவற்றின் தொழில். அவ்வுயிர்வளியைப் பற்றிக்கொள்வது ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள். சிவப்பணு என்பது ஹீமோகுளோபின் நிறைந்த ஒரு சிறு பை என்று சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்தப் பையின் வடிவத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அது பந்து போன்றதன்று. இருபுறமும் நடுவில் அமுங்கிய வட்டத் தட்டு. உளுந்து வடைக்குத் துளையிடுவதற்குப் பதிலாக, இரு பக்கமும் விரலால் அமுக்கிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஏழு அல்லது எட்டுப் பங்கு. ஆனால் அது கடந்து செல்ல வேண்டிய நுண்குழாய்களுள் பல, அதனைவிடக் குறுகலானவை. எனவே சிவப்பணு மடிந்தும் நீண்டும் வளைந்துமே அவற்றின் வழியே செல்கின்றது. வெளியே வந்ததும் மீண்டும் பழைய தட்டு வடிவத்தை அடைகின்றது.

இந்த நெளிவுக்கு வேண்டிய இடம் எங்கிருந்து கிடைக்கின்றது? ஒரு கோணிப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு மட்டும் நிரப்பிய கோணியைத் தோளில் போட்டால் அது தோளுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். குறுகிய வாயிலிலும் நெளித்து நுழைத்துவிடலாம். வாய் வரை திணித்துத் தைத்த கோணி வளையாது. வாயிலில் முட்டிக்கொண்டு நிற்கும். சிவப்பணுவும் முழுவதும் நிரம்பாத கோணிதான். உள்ளிருக்கும் சரக்கைப் பந்தாக உருட்டிக் கட்டத் தேவைப்படும் அளவைவிட, அதன் மேலுறை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கூடுதலாக இருக்கின்றது. அந்த உபரித் துணியே அதன் உயிர்.

உடம்பை ஒருமுறை சுற்றிவர ஒரு சிவப்பணுவுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகின்றது. அதன் ஆயுள் சுமார் 120 நாள். கணக்குப் போட்டால் ஒன்றே முக்கால் இலட்சம் சுற்றுக்கு அருகில் வரும். அத்தனை சுற்றிலும் கடினமான இடம் மண்ணீரல். இடப்புற விலாவின் கீழ் இருக்கும் இவ்வுறுப்பில், சிவப்பணு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவேயான கீற்றிடுக்குகளின் வழியே பிதுங்கி வெளியேற வேண்டும். நெகிழ்வுள்ள அணு தப்பிச் செல்லும். விறைத்துப் போன கிழட்டு அணு சிக்கிக்கொள்ளும். சிக்கியதை மண்ணீரலில் உள்ள விழுங்கணுக்கள் விழுங்கிவிடும். நாள்தோறும் பெரட்டில் நின்று ஆள் பார்க்கும் தண்டலின் வேலையை ஒத்தது இது என்று வகுப்பில் சொன்னதுண்டு. மாணவர்கள் சிரித்தார்கள்; தண்டலின் மகன் மட்டும் சிரிக்கவில்லை.

இன்னொரு செய்தியையும் நினைவில் வைக்க வேண்டும். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. ஆகவே பழுதுபட்ட புரதத்திற்கு மாற்றாகப் புதியதொன்றை உண்டாக்கிக்கொள்ள அதனால் இயலாது. பிறக்கும்போது எந்த உறுப்புகளுடன் புறப்பட்டதோ, அவற்றைக் கொண்டே நான்கு மாதம் ஓட வேண்டும்.

விஞ்ஞானிகளின் பேய்

சிவப்பணுவின் மேலுறை கொழுப்புப் பொருளால் ஆன மெல்லிய சவ்வு. தனித்துப் பார்த்தால் அது எண்ணெய்ப் படலத்தைப் போன்றது. எளிதில் பிய்ந்து துளித்துளியாகச் சிதறக்கூடியது. அப்படிப்பட்ட படலம் ஒன்றே முக்கால் இலட்சம் முறை கசக்கிப் பிழியப்பட்டும் கிழியாமல் இருப்பது எப்படி?

தோட்டங்களில் பேய்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. விஞ்ஞானிகளிடமும் ஒரு பேய் உண்டு. சிவப்பணுக்களை உப்புக் குறைந்த நீரில் இட்டால் அவை நீரை உறிஞ்சி உப்பும். சவ்வில் துளை விழுந்து ஹீமோகுளோபின் வெளியேறிவிடும். எஞ்சுவது நிறமற்ற வெற்றுத் தோல் மட்டுமே. நுண்ணோக்கியில் மங்கலாகத் தெரியும் இதனை ஆய்வாளர்கள் ‘பேய்’ என்றே அழைத்தனர். 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மார்கேசி, ஸ்டீர்ஸ் என்னும் இருவர் இந்தப் பேய்த் தோலிலிருந்து நீளமான புரதம் ஒன்றைக் கரைத்துப் பிரித்தெடுத்தனர். பேயிலிருந்து வந்தமையால், பேயுருவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அடியாகக் கொண்டு அதற்கு ‘ஸ்பெக்ட்ரின்’ என்று பெயர் சூட்டப்பட்டது.

பின்னர் நடந்த சோதனைகள் வியப்பைக் கூட்டின. சவர்க்காரம் போன்ற பொருளைக் கொண்டு பேய்த் தோலின் கொழுப்பு முழுவதையும் கழுவி நீக்கினார்கள். சவ்வே இல்லாமற் போன பின்பும் சிவப்பணுவின் உருவம் கலையவில்லை. ஒரு வலை நின்றது. உருவத்தைக் காத்து நின்றது சவ்வு அன்று, அதற்கு அடியில் இருந்த வலையே என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

அவ்வலையின் இழைதான் ஸ்பெக்ட்ரின். ஆல்பா, பீட்டா எனப்படும் இரண்டு நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டு ஓர் இழையாகின்றன. அத்தகைய இரண்டு இழைகள் தலையோடு தலை சேர்ந்து ஒரு நெடிய இழையாகின்றன. முழுவதும் நீட்டிப் பிடித்தால் இதன் நீளம் 200 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஆனால் அணுவினுள் அது முழுவதும் நீண்டிருப்பதில்லை, சுருங்கியே இருக்கின்றது. அணு இழுபடும்போது நீள்கின்றது, விட்டதும் சுருங்குகின்றது. பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குணத்தை விளக்க வேண்டியதில்லை. மங்கில் உறைந்த பாலை இழுத்துப் பார்க்காத பிள்ளை உண்டா?

ஒரு சிவப்பணுவில் இத்தகைய நெடிய இழைகள் ஓர் இலட்சம் அளவில் உள்ளன. அவற்றின் நுனிகள் ஆங்காங்கே முடிச்சுகளில் கூடுகின்றன. ஒவ்வொரு முடிச்சும் ஆக்டின் என்னும் புரதத்தாலான ஒரு சிறு துண்டு. ஒரு முடிச்சில் பெரும்பாலும் ஆறு இழைகள் வந்து சேரும். இதனால் வலை முழுவதும் அறுகோணக் கண்களாக, தேன்கூட்டை விரித்து வைத்தாற்போல் அமைகின்றது.

வலை இருந்தால் மட்டும் போதாது. அது சவ்வோடு பிணைந்திருக்கவும் வேண்டும். குடைத் துணியைக் கம்பிகளோடு தைத்துப் பிடிக்கும் நூல் அறுந்தால் காற்றில் என்ன ஆகும் என்பதை அறிவோம். சவ்வின் ஊடே ‘பேண்ட் 3’ என்னும் புரதம் முளை அடித்தாற்போல் ஊன்றி நிற்கின்றது. அம்முளையையும் ஸ்பெக்ட்ரின் வலையையும் சேர்த்துக் கட்டும் புரதத்தை 1979ஆம் ஆண்டில் வான் பென்னட் என்பவர் அடையாளம் காட்டினார். நங்கூரம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்கு ‘ஆங்கிரின்’ என்று பெயர். முளை, நங்கூரம், இழை, முடிச்சு ஆகிய நான்கில் எது குறைந்தாலும் அணு தன் உறுதியை இழக்கும்.

தட்டு உருண்டையாகும் கதை

1871ஆம் ஆண்டிலேயே பெல்ஜியம் நாட்டு மருத்துவர்களாகிய வான்லேரும் மாசியசும், சிவப்பணுக்கள் தட்டாக இல்லாமல் சிறு உருண்டைகளாக இருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். வலை என ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. காரணம் விளங்க நூறாண்டு ஆயிற்று.

பிறவியிலேயே ஸ்பெக்ட்ரினோ, ஆங்கிரினோ, பேண்ட் 3 புரதமோ குறைந்திருந்தால், சவ்வின் சில பகுதிகளுக்கு அடியில் பிடிப்பு இல்லாமற் போகின்றது. பிடிப்பற்ற அவ்விடங்களில் சவ்வு சிறு கொப்புளங்களாகப் பிய்ந்து போகின்றது. உள்ளே இருக்கும் சரக்கு குறைவதில்லை. மேலுறை மட்டும் சிறிது சிறிதாகக் குறைகின்றது. முக்கால் நிரம்பிய கோணி, துணி குறையக் குறைய, திணித்த கோணியாகிவிடுகின்றது. தட்டு உருண்டையாகின்றது. உருண்டைக்கு வளையத் தெரியாது. அடுத்த முறை மண்ணீரலுக்குள் போகும்போது கீற்றிடுக்கில் மாட்டிக்கொள்கின்றது. கிழட்டு அணுவிற்கு உரிய தண்டனை இளம் அணுவிற்குக் கிடைக்கின்றது.

அச்சிறுவனின் மஞ்சளுக்கு விளக்கம் இங்கே இருக்கின்றது. சிவப்பணு அழியும்போது ஹீமோகுளோபினில் ஒரு பகுதி சிதைந்து பிலிருபின் என்னும் மஞ்சள் பொருளாகின்றது. கல்லீரல் அதனைப் பித்தத்தில் சேர்த்து வெளியேற்றும். அணுக்கள் அளவுக்கு மீறி அழிந்தால், நலமான கல்லீரலும் வேலைப் பளுவால் பின்தங்கும். மஞ்சள் கண்ணில் தங்கும். பித்தத்தில் மிகுந்த பிலிருபின் இறுகிப் பித்தப்பையில் கற்களாகும். ஓயாமல் வேலை செய்யும் மண்ணீரல் வீங்கிப் பெருக்கும். இரத்தம் குறைவதால் உடல் வெளுக்கும். இத்தனைக்கும் இதில் தொற்றும் கிருமி எதுவும் இல்லை. ஒரே மங்கில் நீர் குடித்தாலும் ஒட்டாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வழிவழியாக வருவது மட்டுமே உண்டு. நோயுள்ள குடும்பங்களில் நாலில் மூன்றில், தாய் அல்லது தந்தை ஒருவரிடம் இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு.

தொற்றும் காமாலை என்று ஒன்று இல்லை எனச் சொல்வதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. அது உண்டு. கல்லீரலைத் தாக்கும் கிருமிகளால் வருவது; அசுத்த நீராலும் உணவாலும் பரவும் வகையும் அதில் உண்டு. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதே நான் சொல்ல வருவது. அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். மஞ்சள் வந்து, சில வாரங்களில் போய், மீண்டும் வராமல் இருப்பது ஒரு கதை. ஆண்டுக் கணக்கில் வந்து வந்து போவதும், அதே மஞ்சள் தந்தைக்கோ அத்தைக்கோ இருந்ததும் வேறு கதை.

பத்து நாளில் பாதி

அவ்வாண்டு பள்ளியில் கன்னம் சிவக்கும் ஒருவகைக் காய்ச்சல் பரவியது. பார்வோவைரஸ் என்னும் கிருமியால் வருவது. மற்ற பிள்ளைகள் ஒரு வாரத்தில் திரும்பி வந்து விளையாடினர். எங்கள் சிறுவன் திரும்பி வந்தபோது காகிதம் போல் வெளுத்திருந்தான். காலை அணிவகுப்பில் நின்றவன் மயங்கி விழுந்தான்.

இதன் காரணத்தைப் பின்னாளில் ஒரு மருத்துவர் எனக்குக் கணக்காகவே விளக்கினார். கணக்கு வாத்தியாருக்கு அப்படிச் சொன்னால்தானே விளங்கும்! எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நொடியும் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் பிறக்கின்றன. இக்கிருமி அப்பிறப்பைச் சுமார் பத்து நாள் நிறுத்தி வைக்கும். அணுவின் ஆயுள் 120 நாளாக உள்ளவருக்குப் பத்து நாளில் குறைவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அவருக்கு அது தெரியவே தெரியாது. வலை தளர்ந்தவரின் அணுவுக்கு ஆயுள் சில வாரங்களே. இருபது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு நின்ற பத்து நாளில் பாதி இரத்தம் போய்விடும். மற்றப் பிள்ளைகளுக்குக் கன்னச் சிவப்போடு போன காய்ச்சல், இவனுக்கு உயிராபத்து ஆனது இப்படித்தான்.

அரசாங்க மருத்துவமனையில் அவனுக்கு இரத்தம் ஏற்றினார்கள். மருத்துவர் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நோயைப் பற்றிக் கேட்காமல், அவன் தந்தையைப் பார்த்து, “உங்களுக்குப் பித்தப்பையில் கல் எடுத்திருக்கின்றார்களா?” என்று வினவினார். தந்தை திகைத்துப் போனார். இருபத்தெட்டாம் வயதில் எடுத்திருந்தார்கள். அவ்வயதில் ஏன் கல் வந்தது என்று அன்று எவரும் கேட்கவில்லை. தந்தை, மகன், கைக்குழந்தையாகிய மகள் ஆகிய மூவரின் இரத்தத்தையும் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தபோது, மூன்றிலும் நடுவில் வெளிறல் இல்லாத உருண்டை அணுக்கள் தெரிந்தன. உப்பு நீரின் செறிவைப் படிப்படியாகக் குறைத்துச் செய்யும் பழைய சோதனையிலும், மற்றவர் அணுக்கள் தாக்குப்பிடிக்கும் கட்டத்திலேயே இவர்களுடையவை வெடித்தன. சவ்வுப் புரதத்தோடு ஒட்டும் சாயம் ஒன்றைக் கொண்டு இதனை இன்னும் துல்லியமாக அளக்கும் முறையும் உண்டு.

“எங்க அப்பாவுக்கும் கண்ணு இப்படித்தான் இருக்கும், வாத்தியாரய்யா. குடியினாலன்னு ஊரே பேசுச்சு. அவரு ஒரு சொட்டுத் தொட்டதில்ல,” என்று அத்தந்தை மருத்துவமனை நடையில் என்னிடம் சொன்னார். நான் என்ன பதில் சொல்வது? பிள்ளையைத் தனி மேசையில் உட்கார வைத்தவன் அல்லவா நான்.

தளர்ந்த வலையைத் தைத்துச் சீராக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் நோயை அடக்கி வைத்து வாழ வழி உண்டு. மிகப் பலருக்கு இது மெல்லிய அளவிலேயே இருக்கின்றது. அவர்களுக்குக் கண்காணிப்பே போதுமானது. புதிய அணுக்கள் ஓயாமல் பிறக்க வேண்டியிருப்பதால் ஃபோலிக் அமிலம் விரைவில் தீர்ந்துபோகும். தேவைப்படுவோருக்கு மருத்துவர் அதனை மாத்திரையாகக் கொடுப்பார். கீரை வகைகளிலும் அது உண்டு. இரும்பு மருந்து இக்குறையைத் தீர்க்காது. இரும்புக் குறைவும் கூடவே இருப்பதாகப் பரிசோதனை காட்டினாலொழிய அதனைத் தாமாக வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. நோய் கடுமையாக இருந்தால் மண்ணீரலை அகற்றுவதும் உண்டு. அகற்றிய பின்பும் அணுக்கள் உருண்டையாகவேதான் இருக்கும், வலை மாறுவதில்லை. அவற்றைப் பிடித்து அழிக்கும் இடம் இல்லாமற் போவதால் ஆயுள் மட்டும் நீள்கின்றது. ஆனால் மண்ணீரல் நோய்க்கிருமிகளை வடிகட்டும் காவலும் ஆகும். எனவே சிறு வயதில் அதனை எடுப்பதைத் தவிர்த்து, ஆறு வயதிற்குப் பின்னரே பெரும்பாலும் முடிவு செய்கின்றனர். முன்கூட்டியே தடுப்பூசிகள் போட வேண்டும். மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால், இரவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முட்டை வடிவமும் மலேரியாவும்

வலை தளரும் விதம் ஒன்றன்று. இழையும் இழையும் தலையோடு தலை சேரும் இடத்தில் பிடி தளர்ந்தால், இழுபட்ட அணு பழைய வட்டத்திற்குத் திரும்ப மறந்து நீள்வட்டமாகவே நின்றுவிடும். 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிரெஸ்பாக் என்னும் ஆசிரியர், தம் மாணவர் ஒருவரின் இரத்தத்திலேயே இதனைக் கண்டு எழுதினார். இவ்வகையினருள் பெரும்பாலோர்க்கு நோயே தெரிவதில்லை.

நம் நாட்டிற்கே உரிய ஓர் அத்தியாயமும் இக்கதையில் உண்டு. 1965ஆம் ஆண்டில் டாக்டர் லீ-இன்ஜோ லுவான் எங், தீபகற்பத்தின் பூர்வகுடி மக்களிடையே முட்டை வடிவச் சிவப்பணுக்கள் பரம்பரையாக வருவதைப் பற்றி எழுதினார். மலாய்க்காரர்களிடமும், சபா, சரவாக், இந்தோனேசியா, பப்புவா நியூகினி மக்களிடமும் இது காணப்படுகின்றது. இங்கே குறை ஸ்பெக்ட்ரினில் இல்லை. நங்கூரம் பற்றும் முளையாகிய பேண்ட் 3 புரதத்தில் ஒன்பது அமினோ அமிலங்கள் விடுபட்டுள்ளன என்று 1991ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இதனால் அணு தளர்வதற்கு மாறாக விறைப்பாகின்றது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இது வந்துவிட்டால் கரு பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்களோ நலமாகவே வாழ்கின்றனர்.

இத்தகைய குறை ஏன் தலைமுறை தலைமுறையாக மறையாமல் நிலைத்தது? விடை மலேரியா. அக்கிருமி வாழ்வது சிவப்பணுவுக்குள்தான். உள்ளே நுழையச் சவ்வை வளைக்க வேண்டும். வெளியேறும்போது ஸ்பெக்ட்ரின் வலையை அறுத்துக்கொண்டு வர வேண்டும். விறைத்த அணுவுக்குள் நுழைவது அதற்குக் கடினமாக இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. மூளையைத் தாக்கும் கொடிய மலேரியாவிலிருந்து இம்முட்டை வடிவ அணு காப்பதைப் பப்புவா நியூகினிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1999ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது.

நம் முன்னோர்க்கு அந்தக் காப்பு இல்லை. கப்பலேறி வந்து காட்டை வெட்டிப் பால்மரம் நட்டவர்களை மலேரியா எப்படி வாரிச் சென்றது என்பதைத் தாத்தா பாட்டியர் சொல்லக் கேட்டிருப்போம். 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி அங்கே நோயைக் குறைத்தார். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் கதை வேறாக இருந்தது. அங்கே கொசு சதுப்பில் பிறக்கவில்லை. மரம் வெட்டியதால் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளிலேயே பிறந்தது. நீரை மண்ணுக்கடியில் குழாயில் விட்டும், எண்ணெய் தெளித்தும் அவர் அதனை எதிர்த்தார். 2018ஆம் ஆண்டில், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா மலேசியாவில் உள்நாட்டளவில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆயினும் அதே ஆண்டில் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி மலேரியா 4,000 பேருக்கும் மேல் கண்டது. காட்டோரச் செம்பனைக் காடுகளில் வேலை செய்வோர் காய்ச்சலை எளிதாக எண்ண வேண்டாம். மண்ணீரல் அகற்றியவராயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

கிளினிக்கில் சொல்ல வேண்டியவை

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காண்பது பொதுவானதே. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்னும் நொதி குறைவா எனச் சோதிக்கின்றார்கள். அது சரியாக இருந்தும் மஞ்சள் முதல் நாளிலேயே வந்தாலோ, வெகுவாகக் கூடினாலோ, நீடித்தாலோ, குடும்பத்தில் யாருக்கேனும் இளம் வயதில் பித்தக்கல், மண்ணீரல் அறுவை, தீராத வெளுப்பு இருந்ததா என்பதைத் தாதியிடம் சொல்லுங்கள். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்; மிகுந்த மஞ்சள் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். 2016ஆம் ஆண்டு முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு நடைபெறும் தலசீமியா பரிசோதனை ஹீமோகுளோபினைப் பற்றியது, வலையைப் பற்றியதன்று. அதில் குறையில்லை என வந்தாலும், மஞ்சள் உள்ள பிள்ளைக்குச் சிவப்பணுவின் வடிவத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

அச்சிறுவன் மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பினான். வந்தவன் நேரே சன்னலோரத்துத் தனி மேசைக்குப் போய்ப் பையை வைத்தான். நான் அம்மேசையைத் தூக்கி நடு வரிசையில் போட்டேன். கரும்பலகையில் ஒரு வட்டத் தட்டும் ஓர் உருண்டையும் வரைந்து, அன்றைய கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு, மேலே எழுதியவற்றையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். பக்கத்துப் பையன் அன்று சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருந்தான். வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். மறுநாள் ஓய்வு மணி அடித்ததும் பார்த்தேன். அவன், இவனுடைய போத்தலை வாங்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான்.